காணாமப் போன காயில் போல்ட்: ரங்கூன்ல ஒரு ப்ராபாக்ஸ் வேலை, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்

பின்னணி

வண்டி டொயோட்டா ப்ராபாக்ஸ், 2005 மாடல், 1.5 லிட்டர், ஒன்-என்ஸெட்-எஃப்ஈ என்ஜின். என் தங்கச்சி வீட்டுக்காரரோடது. ரங்கூன்ல இருக்கறவங்களுக்கு இந்த வண்டியப் பத்தி சொல்லவே வேணாம், டாக்ஸியும் இதான் சாமான் ஏத்தற வண்டியும் இதான். 1970ல இருந்து இங்க ரோட்டுல வலது பக்கம் ஓட்டறோம், ஆனா ஜப்பான்ல இருந்து வந்த பழைய வண்டிங்கறதால ஸ்டீயரிங்கும் வலது பக்கமே இருக்கும். மாப்ள பெயின்னாங் மொத்த மார்க்கெட்ல அரிசி, பருப்பு, வெங்காயம் எடுத்து கடைகளுக்குப் போடறவரு. வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்கு வருமானம் இல்ல.

மழை ஆரம்பிச்சதுல இருந்தே வண்டி சிக்னல்ல நிக்கறப்ப உதறுச்சு, மேடு ஏறினா இழுவை இல்ல, ஒரு சிலிண்டர் சரியா எரியலன்னு சத்தத்துலயே தெரிஞ்சுது. சிலிண்டர்ல பெட்ரோல எரிய வைக்க பொறி விடறது ப்ளக்கு, அந்தப் பொறிக்குக் கரண்ட் குடுக்கறது காயில். இந்த என்ஜின்ல ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனித்தனி காயில், ப்ளக்கு மேலயே நேரா உக்காந்திருக்கும், ஒவ்வொரு காயிலையும் வால்வு கவரோட பிடிச்சு வைக்கறது ஒரே ஒரு போல்ட்டுதான், பத்தாம் நம்பர் சாக்கெட் போடற சின்ன போல்ட். ப்ளக்கு மாத்தறது வீட்டு வாசல்லயே முடியற வேலை, நான் இதுக்கு முன்னாடி மூணு நாலு வண்டியில பண்ணியிருக்கேன், அதனால நானே பண்ணித் தர்றேன்னு சொன்னேன். நாலு ப்ளக்கு வாங்கியாச்சு, வண்டிக்குச் சொன்ன அதே நம்பர், கடைசியில 11னு முடியறது, அதாவது முனையில பொறி தாவற இடைவெளி 1.1 மி.மீ.

நாள் ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் ஆடி வெள்ளி, கோவில் அன்னதானத்துக்கு அரிசியும் பருப்பும் காலையில 8 மணிக்குள்ள போய்ச் சேரணும், மாப்ள வாக்கு குடுத்திருந்தாரு. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அன்னைக்கு ராத்திரி எடுத்த ஒவ்வொரு முடிவுலயும் இந்த அவசரம் கூடவே நின்னுச்சு.

அன்னைக்கு சாயங்காலம் நடந்தது

ஆறு மணிக்கு மழை விட்டதும் பானெட்ட தூக்கினோம். பேட்டரி நெகட்டிவ் வயரக் கழட்டி ஒதுக்கி வச்சேன். நாலு காயிலையும் கழட்டினேன், நாலு போல்ட்டையும் ஒரு எவர்சில்வர் தட்டுல போட்டேன், அந்தத் தட்ட என்ஜின் பக்கத்துலயே, பேட்டரிக்கும் கண்ணாடி அடி விளிம்புக்கும் நடுவுல வச்சேன். இதுதான் தப்பு. அப்புறம் நாலு ப்ளக்கையும் கழட்டினேன். ஒண்ணு ஒண்ணா மாத்தியிருக்கலாம், ஆனா எந்த சிலிண்டர் சரியில்லன்னு நாலு ப்ளக்கையும் வரிசையா வச்சுப் பாத்தாதான் தெரியும்னு நினைச்சேன், அது நியாயமான ஆசைதான், மூணாவது ப்ளக்கோட முனை தேய்ஞ்சு இடைவெளி பெருசாகியிருந்தது பக்கத்துல வச்சதும் தெரிஞ்சுது. ஆனா அதுக்கு விலை, நாலு ஓட்டையும் ஒரே நேரத்துல திறந்து கிடந்துச்சு.

ஆறே முக்காலுக்கு கரண்ட் போச்சு. இங்க அது புதுசில்ல, தங்கச்சி பையன் போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு நின்னான். "மாமா, இந்தப் பக்கம் காட்டவா?"ன்னு எட்டி நீட்டினப்ப அவன் முழங்கை தட்டுல பட்டுச்சு. தட்டு சாய்ஞ்சுது. சில்லுன்னு சத்தம், என்ஜினுக்குள்ள எங்கயோ கலகலன்னு உருண்ட சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல.

பையன் பயந்து போய் நின்னான். "நீ ஒண்ணும் பண்ணல மருமவனே, தட்ட அங்க வச்சது நான்"னு சொல்லி, அவன நகராம டார்ச்ச அப்படியே பிடிக்கச் சொன்னேன். ஒரு போல்ட் வால்வு கவர் மேலயே கிடந்துச்சு. ஒண்ணு பேட்டரி தலையில. ஒண்ணு தரையில, முன் சக்கரத்துப் பக்கம். நாலாவது இல்ல.

முதல் முடிவு: சாவியத் தொடக்கூடாது

மாப்ள கேட்டது இயல்பான கேள்வி. "விடுங்க மச்சான், சின்ன போல்ட்டுதானே, வேற ஒண்ணு போட்டுக்கலாம்."

வேற போல்ட் கிடைக்குமாங்கறது அப்ப என் கவலையே இல்ல. அந்த போல்ட் இப்ப எங்க இருக்குங்கறதுதான் கவலை. நாலு சிலிண்டரும் வாயத் திறந்துக்கிட்டு இருக்கு. உள்ள ஒரு இரும்புத் துண்டு கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணா பிஸ்டன் மேல வர்றப்ப அந்தத் துண்டுக்கு ஒதுங்க இடம் கிடையாது, பிஸ்டன் தலை, வால்வு, ஹெட், எது முதல்ல உடையும்னுதான் கணக்கு. ஒரு போல்ட்டுக்காக என்ஜினையே இறக்கற நிலைமை வந்துடும். அதனால மூணு விஷயம் உடனே பண்ணோம். சாவிய வண்டியில இருந்து எடுத்து தங்கச்சி கையில குடுத்தோம். பேட்டரி வயரு கழட்டினபடியே இருக்கட்டும்னு விட்டோம். நாலு ஓட்டையிலயும் சுத்தமான துணியச் சுருட்டி லேசா அடைச்சோம், தேடறப்ப இன்னொண்ணு உள்ள விழக்கூடாதுன்னு.

துணி அடைக்கறது தட்டு விழறதுக்கு முன்னாடியே பண்ணியிருக்க வேண்டிய வேலை.

எங்கெங்க போயிருக்கலாம்

கண்ட இடத்துல கைய விடாம, கெடுதல் பெருசா இருக்கற இடத்துல இருந்து கெடுதல் கம்மியான இடம் வரைக்கும் வரிசையாப் போகணும்னு முடிவு பண்ணோம்.

முதல்ல சிலிண்டர். இங்க எங்களுக்குக் கை குடுத்தது மிச்சம் இருந்த மூணு போல்ட்டுங்கதான். நாலும் ஒரே மாதிரி போல்ட், அதனால காணாமப் போனது எப்படி இருக்கும்னு கையில இருக்கறத அளந்தாலே தெரிஞ்சுடும். பக்கத்து போன் ரிப்பேர் கடைத் தம்பிகிட்ட ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் இருந்துச்சு. இந்த போல்ட்டுக்குத் தலையோட சேந்தே அடியில ஒரு வட்டத் தட்டு இருக்கு, தனி வாஷர் இல்ல, தலையோட ஒண்ணாவே செஞ்சது. அந்த வட்டம் 13 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல. ப்ளக்கு ஓட்டை 14 மி.மீ. மரை, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 மி.மீ., அப்ப மரையோட உள் விட்டம் 12.6 மி.மீ. சொச்சம்தான் வரும். அதாவது கணக்குப்படி இந்தத் தலை உள்ள நுழைய முடியாது. வட்டத் தட்டு இல்லாத சாதா பத்தாம் நம்பர் தலையா இருந்திருந்தா மூலைக்கு மூலை 11.5 மி.மீ.தான், தாராளமா உள்ள போயிருக்கும். இந்த அளவு எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு. ஆனாலும் 1 மி.மீ.கூட இல்லாத வித்தியாசத்த நம்பி ஒரு என்ஜின பணயம் வைக்க மனசு வரல.

அதே தம்பிகிட்டயே போன்ல மாட்டற எண்டோஸ்கோப் கேமராவும் இருந்துச்சு, விரலவிட ஒல்லியான வயரு, நுனியில சின்ன லைட்டு. நாலு ஓட்டைக்குள்ளயும் ஒண்ணு ஒண்ணா விட்டுப் பாத்தோம். பிஸ்டன் தலை கரியோட மங்கலா தெரிஞ்சுது, சுத்தி சுவர் ஓரம் முழுக்க சுத்திப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. ப்ளக்கு உக்கார்ற குழி ஆழமா இருக்கும், அதோட அடியில போல்ட் ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கலாம், அதையும் பாத்தோம். அதுக்கப்புறம்தான் என்ஜினோட முக்கிய அச்சு முனையில இருக்கற க்ராங்க் புல்லியில சாக்கெட் போட்டு, என்ஜின் சுத்தற திசையிலயே, கையால மெதுவா ரெண்டு முழு சுத்து சுத்தினேன். நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல ரெண்டு சுத்துக்கு எல்லா சிலிண்டரும் ஒரு முழு வேலை முடிச்சுடும். எங்கயும் தடுக்கல. சில பேர் கேமராவே இல்லாம கையால சுத்திப் பாத்தா போதும்னு சொல்வாங்க, எனக்கு அது பிடிக்கல, உள்ள ஏதாவது இருந்தா சுத்தறப்பவே கீறல் விழும், முதல்ல கண்ணால பாக்கணும், அப்புறம்தான் கை.

சிலிண்டர் சுத்தம்னு உறுதியானதும் புது ப்ளக்கு நாலையும் உடனே மாட்டி ஓட்டைய மூடிட்டேன். விரலால முடியற வரைக்கும் திருகி, வாஷர் உக்காந்ததுக்கு அப்புறம் அரை சுத்துக்குக் கொஞ்சம் மேல. அதோட பெரிய பயம் போச்சு.

அடுத்தது பெல்ட்டு, புல்லி பக்கம். அங்க போல்ட் மாட்டிக்கிட்டு இருந்தா ஸ்டார்ட் பண்ணதும் பெல்ட்ட கிழிச்சு எறிஞ்சுடும். அப்புறம் ஆல்டர்னேட்டர், அதுக்கு காத்துப் போக ஓட்டை ஓட்டையா இருக்கும், ஆனா அந்த ஓட்டை இந்த போல்ட் தலைக்குச் சின்னது. ரேடியேட்டர் ஃபேன் கூடு. சைலன்ஸர் பக்கத்துத் தகடு. ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சு, சின்ன முகம் பாக்கற கண்ணாடிய வச்சு அடியிலயும் பாத்தோம். வண்டிய ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு ஆட்டியும் பாத்தோம், விழற சத்தம் கேக்கல.

இழுத்து நீட்டற மேக்னெட் குச்சி ஒண்ணு என்கிட்ட இருக்கு. என்ஜின் ப்ளாக்கும் கியர்பாக்ஸ் கூடும் அலுமினியம், அதுல மேக்னெட் ஒட்டாது, அதனால இடுக்குல விட்டுத் துழாவினா இரும்பு மட்டும் வந்து ஒட்டும்னு நம்பித் தேடினேன். ஒரு பழைய வாஷரும் துருப்பிடிச்ச ஒரு ஹோஸ் கிளிப்பும் வந்துச்சு. போல்ட் வரல. பேட்டரி தட்டுக்குக் கீழ விட்டப்ப மட்டும் மேக்னெட் போய்த் தகட்டுலயே பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சு, அங்க எல்லாமே இரும்பு பிராக்கெட்டு. இழுத்து இழுத்துப் பாத்துட்டு அங்க ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன். இந்த இடத்த ஞாபகம் வச்சுக்குங்க.

ஒம்பதரைக்கு நிறுத்தினோம்.

ராத்திரி எடுத்த முடிவு

போல்ட் கிடைக்கல, ஆனா அது கெடுதல் பண்ற எந்த இடத்துலயும் இல்லன்னு தெரிஞ்சுது. இப்ப கேள்வி வேற: மூணு போல்ட்டோட காலையில வண்டிய எடுக்கலாமா?

தெருவுல வந்து பாத்தவங்க ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க. கம்பி போட்டுக் கட்டலாம், பிளாஸ்டிக் டை போடலாம், காயில் ரப்பர் இறுக்கமாத்தானே இருக்கு, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. இதுல கடைசி யோசனையில கொஞ்சம் உண்மை இருக்கு, காயில் அடியில இருக்கற ரப்பர் ப்ளக்கக் கவ்விக்கிட்டுதான் இருக்கும். ஆனா என்ஜின் ஓயாம அதிருது, அரிசி மூட்டையோட ரங்கூன் ரோட்டுப் பள்ளத்துல ஏறி இறங்குது, காயில் மெல்ல மேல எழும்பினா ப்ளக்கோட தொடர்பு விட்டுப் போகும், அந்த சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம அப்படியே சைலன்ஸர் வழியா போகும், அது புகையச் சுத்தப்படுத்தற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர சூடாக்கிக் கெடுக்கும். பிளாஸ்டிக் டை அந்த சூட்டுல தளர்ந்துடும். கம்பி வயரோட உரசும்.

இன்னொரு வழி இருந்துச்சு, அது தப்பான வழி இல்ல: வண்டியிலயே முக்கியமில்லாத இடத்துல இருக்கற அதே மரை போல்ட் ஒண்ண தற்காலிகமா எடுத்துப் போடறது. ஜப்பான் வண்டியில பத்தாம் நம்பர் தலை போல்ட் நிறைய இருக்கும், பெரும்பாலும் எல்லாம் எம்6, அதாவது 6 மி.மீ. விட்டம், பிட்ச் 1.0. டார்ச் வெளிச்சத்துல ரெண்டு மூணு கழட்டிப் பாத்தேன், ஒண்ணு நீளம் அதிகம், ஒண்ணு ரொம்பக் குட்டை. நீளம் அதிகமான போல்ட் குழியோட அடியில முட்டிக்கும், கைக்கு இறுகின மாதிரி தெரியும், ஆனா காயில் ஆடிக்கிட்டே இருக்கும், இன்னும் திருகினா அலுமினியக் கவர் வெடிக்கும். குட்டையானது ரெண்டு மரையில தொங்கிக்கிட்டு அந்த ரெண்டையும் பிச்சுக்கிட்டு வந்துடும். களைப்பா இருந்தோம், வெளிச்சமில்ல. இந்த நேரத்துல வேணாம்னு நிறுத்தினேன்.

மாப்ளைக்கு மனசு ஒப்பல, எனக்குப் புரிஞ்சுது, கோவிலுக்குக் குடுத்த வாக்கு. கடைசியில அவரே ஒரு மூணு சக்கர சாமான் வண்டிக்காரருக்குப் போன் போட்டு காலையில ஆறு மணிக்கு வரச் சொன்னாரு. அந்த வாடகையில பாதிய நான் குடுத்தேன். அன்னதான அரிசி நேரத்துக்குப் போய்ச் சேந்துச்சு.

மறுநாள் போல்ட் தேடி அலைஞ்சது

மோல்மேன் மாதிரி ஊரா இருந்தா இது பத்து நிமிஷ வேலை, எந்த மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் போனாலும் எம்6 போல்ட் டப்பா டப்பாவா வச்சிருப்பாங்க. ரங்கூன் சிட்டிக்குள்ள மோட்டார் சைக்கிளுக்கு ரொம்ப வருஷமா தடை, அதனால நம்ம தெருவுல அப்படிக் கடை கிடையாது.

காலையில நான் வேலைக்குப் போயிட்டேன், மாப்ள மட்டும் பக்கத்து இரும்புச் சாமான் கடைக்குப் போனாரு. கையில மாதிரி போல்ட் எடுத்துட்டுப் போகல, பத்தாம் நம்பர் சின்ன போல்ட்னு வாயால சொல்லிக் கேட்டிருக்காரு. கடையில ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க, பாக்கறதுக்கு அச்சு அசல் அதே மாதிரி. வீட்டுக்கு வந்து காயில் ஓட்டையில கையால திருகியிருக்காரு. முதல் சுத்து போச்சு, ரெண்டாவது சுத்துல பிடிச்சுக்கிச்சு. நல்லவேளை அங்கயே நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணாரு. "மச்சான், ரெண்டு சுத்துக்கு மேல போகல, ஸ்பேனர் போடவா?" வேணாம், அப்படியே பின்னாடி திருகி எடுத்துடுங்கன்னு சொன்னேன்.

சாயங்காலம் வந்து பாத்தா அது கால் இஞ்ச் போல்ட். எம்6க்கு விட்டம் 6 மி.மீ., கால் இஞ்சுக்கு 6.35. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா மரை வேற: எம்6ல 10 மி.மீ. நீளத்துக்கு 10 மரை, கால் இஞ்ச்ல, இஞ்சுக்கு 20 மரைங்கறதால, அதே நீளத்துக்கு 8 மரைகூட வராது. ரெண்டு போல்ட்டையும் பக்கவாட்டுல ஒண்ணோட ஒண்ணு மரைக்குள்ள மரை பொருத்தி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா உடனே தெரிஞ்சுடும், ஒரே பிட்ச்னா சீப்பும் சீப்பும் மாதிரி இடைவெளி இல்லாம உக்காரும், இல்லன்னா நடுவுல வெளிச்சம் வரும். தலையிலயும் ஒரு அடையாளம் இருந்துச்சு, பத்தாம் நம்பர் சாக்கெட்டுக்குள்ள அது போகவே இல்ல, பதினொண்ணுதான் சேந்துச்சு. ஸ்பேனர் போட்டு இன்னும் ஒரு சுத்து திருகியிருந்தா அலுமினிய மரை மொத்தமும் போயிருக்கும். போல்ட் நுனியில கொஞ்சம் அலுமினியத் தூள் ஒட்டியிருந்துச்சு. குழிக்குள்ள இருந்தத துடைச்சுட்டு, பழைய போல்ட் ஒண்ண விரலாலயே திருகிப் பாத்தேன், சுகமா கடைசி வரைக்கும் போச்சு. தப்பிச்சோம்.

சனிக்கிழமை நாங்க ரெண்டு பேருமே போனோம். இந்த தடவை மிச்சம் மூணு போல்ட்ல ஒண்ணு என் பாக்கெட்ல. முதல் கடையில முதல்ல வாங்கினது போல்ட் இல்ல, அந்தப் போல்ட்டுல சரியா ஏறற ஒரு நட்டு. அப்புறம் எந்தக் கடையில எந்த போல்ட் குடுத்தாலும் அந்த நட்டுல விட்டுப் பாக்கறது, விரலால கடைசி வரைக்கும் ஏறினா மட்டும் அடுத்து நீளம் பாக்கறது. குழியோட ஆழத்தையும் கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்தாச்சு, பல்லு குத்தற குச்சிய உள்ள விட்டு நகத்தால அடையாளம் வச்சு, அத ஸ்கேல்ல வச்சு.

ஒரு கடையில பளபளன்னு ஸ்டெயின்லெஸ் போல்ட் குடுத்தாங்க, எம்6, நீளமும் சரி. கடைக்காரர் இதுதான் துருவே பிடிக்காதுன்னாரு, அது உண்மை. ஆனா ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் சேந்து ஈரத்துல கிடந்தா அரிச்சுப் போறது அலுமினியம்தான், இங்க அஞ்சாறு மாசம் மழை, அடுத்த தடவை கழட்டறப்ப மரையோட வந்துடுமோன்னு எனக்கு பயம். தலைக்கு அடியில வட்டத் தட்டும் இல்ல. இன்னொரு கடையில தலையில 8.8னு எழுதின போல்ட் நல்ல பலமானதுன்னு குடுத்தாங்க. 8.8ன்னா சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் வரைக்கும் தாங்கும், பலம் சரிதான். ஆனா ஒரு காயிலப் பிடிச்சு வைக்க அவ்வளவு பலம் யாரும் கேக்கல. இங்க வேணுங்கறது சரியான மரை, சரியான நீளம், காயிலோட காதுல பரவி உக்கார்ற வட்டத் தட்டு. பலத்தப் பாத்து மத்தத விடறதுல அர்த்தமில்ல.

கடைசியில ஜப்பான் பழைய சாமான் விக்கற ஒரு கடை. வயசான பர்மாக்காரர். "ஊலே (பர்மா பாஷையில மாமா), இதே மாதிரி ஒண்ணு வேணும்"னு போல்ட்ட நீட்டினேன். அவரு ஒரு பார்வை பாத்தாரு, உள்ள போனாரு, பழைய என்ஜின்ல கழட்டின போல்ட்டுங்க ஒரு எண்ணெய் டின் நிறைய, அப்படியே சாக்கு மேல கொட்டினாரு. பக்கத்துல உக்காந்து பொறுக்கினோம். அஞ்சாறு நிமிஷத்துல அதே நீளம், அதே வட்டத் தட்டோட ரெண்டு கிடைச்சுது. நட்டு சுகமா ஏறுச்சு. மரையில கரி, துரு எதுவும் இல்ல. ரெண்டுக்கும் சேத்து ஒரு டீ விலைதான் கேட்டாரு.

மாட்டினது

போல்ட்ட பெட்ரோல்ல கழுவி பிரஷ் போட்டுத் துடைச்சுக் காய வச்சேன். காயில உக்கார வச்சு, போல்ட்ட முழுக்க விரலாலயே அடி வரைக்கும் திருகினேன், சாக்கெட் தொடவே இல்ல. விரலுக்குப் போகாத போல்ட்ட இரும்புச் சாமான் வச்சு போக வைக்கக் கூடாது.

இறுக்கற அளவு 9 நியூட்டன் மீட்டர். இது ரொம்பக் கம்மி, நம்ம கை சாதாரணமா ராட்செட்ல குடுக்கற பலத்துக்கு அலுமினிய மரை தாங்காது. அளவு பாத்து இறுக்கற டார்க் ரெஞ்ச் எங்ககிட்ட இல்ல. ஆனா மாப்ள கடையில கொக்கித் தராசு இருக்கு, பர்மா வீசைக் கணக்கு போட்டது. பர்மா வீசை 1.63 கிலோ, நம்ம பழைய மதராஸ் வீசையவிடப் பெருசு. சாக்கெட் நடுவுல இருந்து கைப்பிடியில 10 செ.மீ. தள்ளி கொக்கிய மாட்டி, கைப்பிடிக்கு நேர் குறுக்கா இழுத்தா 9 நியூட்டன் மீட்டருக்கு 9 கிலோ சொச்சம் வரணும், வீசைக்கு மாத்தினா அஞ்சரைக்குக் கொஞ்சம் மேல. முள்ளு அஞ்சரையத் தொட்டு லேசா தாண்டினதும் நிறுத்தினேன். மத்த மூணு போல்ட்டுக்கும் அதே மாதிரி. இழுக்கறப்ப என் கைக்கு அது எவ்வளவு லேசா இருந்துச்சுன்னு உணர்ந்தப்பதான், இதுக்கு முன்னாடி மத்த வண்டிங்கள்ல நான் எவ்வளவு அதிகமா இறுக்கியிருப்பேன்னு மனசுல பட்டுச்சு.

பேட்டரி வயர மாட்டி, மருமவனையே சாவி போடச் சொன்னேன். முதல் திருகுலயே பிடிச்சுது. உதறல் இல்ல.

அதுக்கப்புறம்

ஒரு வாரம் கழிச்சு நாலு போல்ட்டையும் அதே தராசுல சரி பாத்தேன், எதுவும் தளரல. மேட்டுல இழுவை வந்துடுச்சுன்னு மாப்ள சொன்னாரு. அந்த மழைக்காலம் முழுக்க வண்டி ஒரு நாளும் நிக்கல.

காணாமப் போன போல்ட் தீபாவளிக்கு முன்னாடி கிடைச்சுது. பேட்டரி செத்துப் போய் மாத்தறப்ப தட்டையும் கழட்டினோம், அதுக்குக் கீழ கியர்பாக்ஸ் மவுண்ட் பிராக்கெட்டு மடிப்புல, சேறு படிஞ்சு, தலைகீழா நின்னுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி மேக்னெட் பச்சக்குன்னு ஒட்டின அதே இடம். போல்ட்டும் இரும்பு, பிராக்கெட்டும் இரும்பு, மேக்னெட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பெரிய இரும்பப் பிடிச்சுக்கிட்டு சின்னத விட்டுடுச்சு. அலுமினியத்துக்கு நடுவுல மேக்னெட் குச்சி நல்லா வேலை செய்யும், இரும்புத் தகடு சூழ்ந்த இடத்துல அது சொல்றத நம்பக் கூடாது, அங்க கண்ணாடியும் எண்டோஸ்கோப்பும்தான். கேமரா கையிலயே இருந்துச்சு, சிலிண்டருக்கு மட்டும் விட்டுப் பாத்துட்டு அத திருப்பிக் குடுத்துட்டோம். அஞ்சு நிமிஷம் அங்கயும் விட்டிருந்தா ரெண்டு நாள் அலைச்சல் இல்ல, மூணு சக்கர வண்டி வாடகையும் இல்ல.

இப்ப வேற மாதிரி செய்யறது

கழட்டின சாமான் எதுவும் இப்ப என்ஜின் மேல இருக்கறதில்ல. தரையில ஒரு ஸ்டூல், அது மேல மூடி போட்ட டப்பா. தட்டு எவர்சில்வரா இருந்தா அடியில மேக்னெட் வச்சாலும் உபயோகம் கம்மி, பாதித் தட்டுல மேக்னெட்டே ஒட்டாது, அதனால டப்பாதான்.

ப்ளக்கு வேலை இப்ப ஒண்ணு ஒண்ணாத்தான்: ஒரு காயில் கழட்டி, ஒரு ப்ளக்கு மாத்தி, காயில மாட்டி, போல்ட்டப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போறது. பழைய ப்ளக்குல எது எந்த சிலிண்டரோடதுன்னு பேனாவால நம்பர் எழுதி வச்சுட்டா, வேலை முடிஞ்சதுக்கப்புறமும் வரிசையா வச்சுப் பாத்துக்கலாம், எல்லா ஓட்டையையும் ஒண்ணா திறக்க வேண்டியதே இல்ல. காயில் கழட்டறதுக்கு முன்னாடி குழியச் சுத்தி மண்ண ஊதி எடுக்கறேன். போல்ட் சாக்கெட்ல இருந்து நழுவாம இருக்க சாக்கெட்டுக்குள்ள ஒரு துண்டு பேப்பர மடிச்சு வைக்கறேன், தலை கவ்விக்கிட்டு நிக்குது. கரண்ட் போற நேரத்துல ஆரம்பிக்கறதில்ல, அடுத்த நாள் காலையில வண்டி கட்டாயம் வேணும்னா அன்னைக்கு சாயங்காலம் பானெட்டே திறக்கறதில்ல, இத மாப்ளயும் ஒத்துக்கிட்டாரு.

மருமவனுக்கு நெத்தியில கட்டற லைட் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், கை ரெண்டும் ஃப்ரீ, எட்டி நீட்ட வேண்டியதில்ல. மிச்சமான ஒரு போல்ட்டும், தீபாவளிக்குக் கிடைச்ச பழைய போல்ட்டும், கூடவே அந்த எம்6 நட்டும், ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு "காயில்"னு எழுதி வண்டி டாஷ்போர்டுல கிடக்கு.